குட்டி வாங்கப் போறீங்களா? முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கட்டைப் பை. பைக்குள் ஒரு பழைய துண்டு. துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டி.

சென்னையில் பல வீடுகளுக்கு நாய் இப்படித்தான் வந்து சேருகிறது.

பெரம்பூரில் ஒரு போர்ஷனில் குடியிருக்கும் குமாஸ்தா குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு பாரிமுனையில் வேலை. மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. "நாய் வேணும்ப்பா, நாய் வேணும்ப்பா" என்று ஒரு வருஷமாக நச்சரிப்பு. "அரைப் பரீட்சையில நல்ல மார்க் வாங்கு, பார்க்கலாம்" என்று அப்பா வாய் விட்டு விட்டார். மகள் வாங்கி விட்டாள். இனி தப்ப முடியாது.

வியாபாரியின் போன் நம்பர் யாரோ கொடுக்கிறார்கள். ரோட்டோரத்திலேயே பேரம் நடக்கிறது.

"ப்யூர் லாப் சார். நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு. ஊசி எல்லாம் போட்டாச்சு. பன்னெண்டாயிரம் போகும். பாப்பா ஆசைப்படுது, எட்டாயிரம் குடுங்க."

ஊசி போட்ட அட்டை எங்கே?

"அது வூட்ல இருக்கு சார். சாயந்திரம் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்."

தாய் நாய் எங்கே?

"தாய் பண்ணையில இருக்கு சார். செங்கல்பட்டுப் பக்கம்."

எட்டாயிரம் கை மாறியது. பை கை மாறியது. சாயந்திரம் அட்டை வரவில்லை.

திங்கட்கிழமை குட்டி வீடு முழுக்க ஓடியது. செவ்வாய்க்கிழமை மூலையில் படுத்தது. புதன்கிழமை வாந்தி. வியாழக்கிழமை ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். முதலில் வந்த ஆட்டோக்காரர் "நாய் ஏத்த மாட்டேன் சார், சீட்டு பாழாயிடும்" என்று போய் விட்டார். மூன்றாவது ஆட்டோ ஏற்றிக்கொண்டது. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் டிரிப் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி குட்டி போய் விட்டது.

வியாபாரியின் போன்? சுவிட்ச் ஆப்!

பார்வோ என்னும் எமன்

குட்டியைக் கொன்ற வியாதியின் பெயர் பார்வோ. ஒரு வைரஸ். 1978-ல்தான் உலகம் இதைக் கண்டுகொண்டது. நாலைந்து வருஷத்துக்குள் நம்ம சென்னைக்கும் வந்து சேர்ந்து விட்டது. அதற்குப் பிறகு போகவே இல்லை.

இது உடம்பில் நுழைந்து பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஏழு நாளில் வேலையைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய குட்டி புதன்கிழமை வாந்தி எடுத்தால், பெரும்பாலும் நோய் விற்பனை இடத்திலிருந்தே கூட வந்திருக்கிறது என்று அர்த்தம். "நீங்க பால் குடுத்தீங்க, அதான் ஒத்துக்கலை" என்று வியாபாரி சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. குட்டி செத்தாலும் வைரஸ் சாகாது. தரையிலும் கோணியிலும் சங்கிலியிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சாதாரண பினாயிலுக்கு எல்லாம் அசையாது. பிளீச்சிங் கரைசல் போட்டு ஊற விட்டுக் கழுவ வேண்டும். "குழந்தை அழுவுது" என்று அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டு வந்து அதே மூலையில் விட்டால், இரண்டாவது சாவும் நிச்சயம் என்றே சொல்லலாம்.

தடுப்பு ஊசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி. பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, நாலு மாதம் ஆகும் வரை. ஒரே ஒரு ஊசி போட்டு விட்டு "எல்லாம் போட்டாச்சு" என்று சொல்ல முடியாது. ஏன் என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. அந்த சக்தி எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். டாக்டர் காசு பிடுங்குகிறார் என்று நினைப்பது தப்பு.

நாற்பத்தைந்து நாள்!

வியாபாரி சொன்ன ஒரு வார்த்தையை யாரும் கவனிக்கவில்லை. "நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு" என்றாரே, அதுவே சட்டப்படி தப்பு!

நாய் இனப்பெருக்கம், விற்பனை சம்பந்தமாக மத்திய அரசு 2017-ல் விதிகள் போட்டது. எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி உற்பத்தி செய்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண் நாய்க்கு ஒன்றரை வயது ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் சினையாக்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. வாங்க வருகிறவர் கேட்டால் காட்ட ரிக்கார்டு வேண்டும்.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. கட்டைப் பையில் கொண்டு வந்து விற்கிறவரிடம் போய் ரிக்கார்டு கேட்பது யார்?

பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமை சந்தை ரொம்பக் காலம் பேர் போனது. புறா, கிளி, முயலோடு நாய்க்குட்டியும் கூடையில் விலை போகும். இப்போது பாதி வியாபாரம் செல்போனுக்குள் போய் விட்டது. சந்தையிலாவது ஆளைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். செல்போனில் எந்தச் சட்டையைப் பிடிப்பது?

எட்டு வாரக் கணக்கு சும்மா போட்டது இல்லை. குட்டி தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் கடித்து விளையாடித்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. முப்பது நாளில் பிரித்துக் கொண்டு வந்த குட்டி, பிற்பாடு வீட்டில் எல்லாரையும் கடித்தால் அது அதன் குற்றமா? சின்னதாக இருந்தால்தான் "அய்யோ பொம்மை மாதிரி இருக்கே" என்று ஜனங்கள் வாங்குகிறார்கள். அதனால்தான் சின்னதாகவே விற்கிறார்கள்.

தாய் எங்கே?

குட்டியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தாயைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

பெண் நாய் ஏறக்குறைய ஆறு ஏழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். பிறகு குட்டிகளுக்குப் பால். உடம்பு தேறுவதற்குள் அடுத்த பருவம் வந்து விடும். அந்தப் பருவத்தையும் விடாமல் சேர்த்தால் வருஷத்துக்கு இரண்டு ஈற்று. கூண்டுக்குள்ளேயே குட்டி, கூண்டுக்குள்ளேயே சோறு, கூண்டுக்குள்ளேயே மலம். மடி தொங்கி, முடி உதிர்ந்து, விலா எலும்பு தெரிய நிற்கும் தாயை வாடிக்கையாளர் பார்த்தால் வியாபாரம் படுத்து விடும். "தாய் பண்ணையில இருக்கு" என்பதன் ரகசியம் இதுதான்.

பண்ணைக்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நம்ம வீட்டு மாடியிலும் இது நடக்கிறது.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் அதுக்கு உடம்புக்கு நல்லது" என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க உண்டு. இதைச் சொல்லாத பக்கத்து வீட்டு மாமி இல்லை. இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நேர்மாறாக, கருத்தடை செய்யாமல் விட்ட பெண் நாய்களுக்கு வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும், மடியில் கட்டி வருவதும் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற சங்கதி. சீழ் பிடித்தால் உடனே ஆபரேஷன். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு கணக்கு லாபக் கணக்கு. "ஏழு குட்டி போட்டா ஏழு எட்டு ஐம்பத்தாறு. அம்பத்தாறாயிரம் சார்!" கேட்கும்போது காதில் தேன் பாயும்.

செலவை யாரும் எழுதுவதில்லை. ஆண் நாய்க்காரருக்கு ஒரு குட்டி, இல்லாவிட்டால் ரொக்கம். குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டால் சிசேரியன். பால் கொடுக்கும் தாய்க்குத் திடீரென்று ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, உடம்பு விறைத்து வெட்டு இழுக்கும். அதற்கு நடு ராத்திரி டாக்டர். ஏழு குட்டிக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து. ஊசி. ராத்திரி பகல் பார்க்காமல் கழுவித் துடைக்க ஒரு ஆள். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டு அம்மாதான். அவருடைய சம்பளம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நாலு குட்டி போகும். மீதி மூன்று நிற்கும். மூன்று மாதம் ஆனால் "பெரிசாயிடுச்சே" என்று எவரும் தொட மாட்டார்கள். ஒன்று கட்டட வேலை நடக்கிற இடத்து வாட்ச்மேனுக்கு. ஒன்று ஊருக்கு. இன்னொன்று?

வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் அடைக்கலமான நாய்களில் சீமை நாய்களும் உண்டு. லாப்ரடார், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு. கழுத்தில் பட்டை இருந்த தடம் கூட அழியாமல் வாசலில் கட்டி விட்டுப் போகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். குட்டி போட முடியாத வயசானது, தோல் வியாதி வந்தது, வீடு மாற்றும்போது புது வீட்டுக்காரர் வேண்டாம் என்றது, இப்படி.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை தண்டனை என்ன தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம்! இரண்டு பேர் டீ, வடை சாப்பிட்டால் தீர்ந்தது. இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர், ராஜ்ய சபையில் இதற்காக மசோதா கொண்டு வந்து போராடிய நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தக் காலத்து ஐம்பது ரூபாய்க்கு ஒரு பயம் இருந்தது. தொகை மட்டும் அங்கேயே நிற்கிறது.

விளம்பரத்தில் வந்த நாய்

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரம் ஒன்று டி.வி.யில் வந்தது. ஒரு சின்னப் பையன் போகிற இடமெல்லாம் ஒரு சப்பை மூக்கு நாய் பின்னாலேயே போகும். அவ்வளவுதான், ஊரெல்லாம் "பக்" நாய் பைத்தியம் பிடித்தது.

அந்த நாயின் மூக்கு தானாகச் சப்பையாகவில்லை. மனுஷன் அழகு என்று நினைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததில் சப்பையானது. மூக்குத் துவாரம் குறுகி, அண்ணத்துச் சதை நீண்டு, மூச்சுப் பாதையை அடைக்கும். "எங்க நாய் சூப்பரா குறட்டை விடும் சார்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பாவம், மூச்சுக்குத் திணறுகிறது.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூச்சே சரியாக விட முடியாத நாய், நம்ம அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்யும்? பனிப் பிரதேசத்து சைபீரியன் ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் கொண்டு வந்து கோடம்பாக்கத்தில் ஏ.சி. ரூமில் பூட்டி வைக்கிறார்கள். கரண்ட் போனால்?

2024-ல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம்ம சீதோஷ்ணத்துக்கு ஒத்து வராத சில சீமை இனங்களைப் பெருக்கக் கூடாது என்பது அதில் ஒரு பகுதி. பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு எல்லாம் பட்டியலில் இருந்தன. நாய் வியாபாரிகளும் சில வளர்ப்பாளர்களும் எதிர்த்தார்கள்.

"சர்ட்டிபிகேட் இருக்கு சார்" என்பது இன்னொரு மயக்கம். கென்னல் கிளப் சர்ட்டிபிகேட் என்பது அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டன் யார் என்று சொல்லும் வம்சாவளி. குட்டி ஆரோக்கியமானது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அப்பனும் பாட்டனும் ஒரே நாயாக இருந்தால் கூட அதில் ஒழுங்காக எழுதியிருக்கும்! ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பல பேர் முழிப்பார்கள்.

நம்ம ஊர் ஜாதி

"அப்ப நாட்டு நாய் வாங்கலாமே" என்பீர்கள். வாங்கலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்குப் பெருமையான இனங்கள் உண்டு. 2005-ல் தபால் இலாகா இந்திய நாய்களுக்குத் தபால் தலை போட்டபோது ராஜபாளையமும் ஒன்றாக இடம் பிடித்தது. சைதாப்பேட்டையில் அரசாங்கமே நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு நடத்திய காலமும் உண்டு.

ஆனால் இங்கேயும் அதே கதைதான் ஆரம்பமாகி இருக்கிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்று ஜனங்களுக்கு ஒரு பற்று வந்தது. நல்லதுதான். பற்று வந்ததும் விலை வந்தது. விலை வந்ததும் அவசரம் வந்தது. பால் வெள்ளையாக, ரோஸ் மூக்காக வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்திலேயே சேர்த்தால் ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் பிறக்கும். இது அனுபவஸ்தர்களுக்குத் தெரிந்த விஷயம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு ஓடிய நாய்கள். கரிசல் காட்டில் காற்றாகப் பறந்த பிராணியை அறுநூறு சதுர அடி பிளாட்டில் ஜன்னல் கம்பியில் கட்டினால் சோபாவைக் கிழிக்காமல் என்ன செய்யும்?

ஐம்பது ரூபாய் லைசென்ஸ்

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நகரமே பதறிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் நாய்க்கு லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது! அந்தக் காலத்தில் கழுத்தில் பில்லை தொங்கும். பில்லை இல்லாவிட்டால் நாய் வண்டிக்காரர் பிடித்துப் போவார். நாய் வண்டி பயம் போனதும் பில்லையும் மறந்து போயிற்று.

லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு ஐம்பது ரூபாய்தான். வெறிநாய்க்கடி தடுப்பு ஊசி போட்ட அத்தாட்சி வேண்டும். 2025-ல் மைக்ரோசிப் கட்டாயம் என்றும், லைசென்ஸ் இல்லாமல் வளர்த்தால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்றும் மாநகராட்சி அறிவித்ததும் முகாம்களில் கூட்டம் சேர்ந்தது. அரிசி மணி அளவு சிப். தோலுக்கு அடியில் போய் விடும். நாயை வீதியில் கைவிட்டால் சொந்தக்காரர் யார் என்று அது காட்டிக் கொடுத்து விடும். கைவிடுகிறவர்களுக்கு இதுதான் கசக்கிறது.

வீட்டு நாய், குட்டி நாய், பல் லேசாகப் பட்டதுதானே என்று அலட்சியம் கூடவே கூடாது. ஊசி போடாத குட்டிக்கும் வெறி நோய் இருக்கலாம். நோய்க்குறி தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை. சாவுதான். பல் பட்டாலும் நகம் கீறி ரத்தம் வந்தாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் மலையேறி விட்டது. இப்போது கையில்தான், நாலைந்து தடவை. பாதியில் நிறுத்தக் கூடாது.

கோலமும் லிப்டும்

கடிக்காத நாயாலும் சண்டை வரும். விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு விட்டு உள்ளே போன அம்மா, காபி குடித்து விட்டு வந்து பார்த்தால் கோலத்தின் நடுவில் பக்கத்து வீட்டு டாமியின் கைங்கரியம்! அன்றைக்கு அந்தத் தெருவில் நடக்கும் அர்ச்சனையை எழுத முடியாது. சொந்தக்காரர் ஒரு பழைய பேப்பரும் பையும் எடுத்துப் போயிருந்தால் வேலை முடிந்தது.

அடுக்கு மாடி வீடுகளில் "நாய் வைத்திருந்தால் காலி பண்ணு" என்று சங்கத்தார் தீர்மானம் போடுகிறார்கள். அப்படிப் போட முடியாது. நாய் வளர்ப்பதைத் தடை செய்யவோ, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதற்காக லிப்டில் சின்னக் குழந்தை நிற்கும்போது சங்கிலி இல்லாமல் நாயை விடுவது என்ன நியாயம்? "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது சார்" என்று சொல்கிறவர்களின் நாய்தான் பல சமயம் பண்ணி விடுகிறது.

பெரம்பூர் வீட்டில்...

பெரம்பூர் குடும்பத்துக்கு வருவோம். தரையை இரண்டு தடவை பிளீச்சிங் போட்டுக் கழுவினார்கள். கோணியையும் கிண்ணத்தையும் எரித்தார்கள். மகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா அந்தப் பக்கம் பேச்சை எடுப்பதில்லை. எட்டாயிரமும் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்த்தால் அவருக்கு அரை மாதச் சம்பளம்.

ஐந்தாறு மாதம் போனது. அவர்கள் சந்திலேயே ஒரு தெரு நாய் மாடிப்படிக்குக் கீழே நாலு குட்டி போட்டது. அதன் காதில் வெட்டு இல்லை. கருத்தடை ஆன நாய்க்குக் காதில் அடையாள வெட்டு இருக்கும். தெரு நாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் திட்டத்தை நாட்டில் முதலில் தொடங்கியது இந்தச் சென்னைதான். 1964-ல் புளூ கிராஸ் ஆரம்பித்தது. 1996-ல்தான் மாநகராட்சி கூடச் சேர்ந்தது. இந்த ஒரு நாய் மட்டும் எப்படியோ தப்பி விட்டிருக்கிறது.

மகள் முதல் நாளே ஒரு குட்டியைத் தூக்க ஓடினாள். அப்பா தடுத்து விட்டார். இந்தத் தடவை முதலில் டாக்டரிடம் கேட்டார்கள். எட்டு வாரம் வரை தாயிடமே இருக்கட்டும், முதல் ஊசியை இங்கேயே கொண்டு வந்து போடுங்கள், குட்டிகள் பால் மறந்ததும் தாயைக் கருத்தடைக்கு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. தினமும் தாய்க்கு ஒரு தட்டு சோறு போகிறது. தையல் மிஷினில் மீந்த துணியெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போகிறது.

சமையல் கட்டு காலண்டரில் மகள் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.